திரும்பி வரும் பையே நல்ல பை

இரவு கடையைச் சாத்தும் நேரத்தில் ஒரு நிமிடம் கடையின் பின்கட்டைப் பாருங்கள். பருப்பும் சர்க்கரையும் வந்த சாக்குகள் உதறி மடித்து அடுக்கப்பட்டிருக்கும். எண்ணெய் வந்த தகர டின்கள் ஒரு மூலையில் இருக்கும். சோப்பும் பிஸ்கட்டும் வந்த அட்டைப் பெட்டிகள் பிரித்துக் கட்டப்பட்டிருக்கும். இவற்றில் ஒன்றையாவது நாம் குப்பையில் போடுகிறோமா? இல்லை. பழைய சாக்கு வியாபாரி வருகிறார், விலை பேசுகிறார், எடுத்துச் செல்கிறார். சில கடைகளில் பையன்களின் தீபாவளி இனாமே இந்தச் சாக்குப் பணத்திலிருந்துதான்.

ஆனால் வாடிக்கையாளர் கையில் நாம் ஆண்டுக் கணக்கில் கொடுத்தனுப்பிய மெல்லிய பாலித்தீன் பையை மட்டும் வாங்குவார் இல்லை. அது சாக்கடைக்குப் போனது, மாட்டின் வயிற்றுக்குப் போனது, கடைசியில் அபராதச் சீட்டாக நம் கடைக்கே வந்து சேர்ந்தது.

சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். படித்தவர்கள் அதற்குப் பெரிய விளக்கங்கள் தரலாம். மளிகை வணிகர்களாகிய நமக்கு நம் பின்கட்டே விளக்கம் தருகிறது. எந்தப் பொருள் காலியான பிறகும் விலை போகிறதோ, அது தெருவில் கிடப்பதில்லை. எது ஒரே தடவையோடு மதிப்பிழக்கிறதோ, அதுதான் குப்பையாகிறது.

சட்டம் சொல்வது என்ன?

நீலகிரி மாவட்டம் 2001-ஆம் ஆண்டு வாக்கிலேயே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக இறங்கி மற்ற மாவட்டங்களுக்கு வழி காட்டியது. தமிழகம் முழுமைக்குமான தடை 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வகைப் பொருட்கள் அந்தப் பட்டியலில் இடம் பெற்றன. கேரி பேக், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல் ஆகியவை அவற்றுள் சில. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1 முதல் வந்தது.

இங்கே நம்மவர்கள் சிலர் ஏமாறுவதுண்டு. மத்திய அரசின் விதிப்படி 2022 டிசம்பர் 31 முதல் கேரி பேக் 120 மைக்ரான் கனத்திற்குக் குறையக் கூடாது. இதைக் காட்டி, "இது கனமான பை, சட்டப்படி செல்லும்" என்று வெளி மாநிலச் சரக்கை விற்க வருவார்கள். தமிழக அரசின் 2019 தடையோ கேரி பேக்குகளுக்குக் கனத்தைப் பார்க்கவில்லை. எந்தக் கனமாயினும் தடைதான்.

இன்னொன்று நான்-ஓவன் பை. பார்வைக்குத் துணி போலவே இருக்கும். உண்மையில் அது பாலிபுரோப்பிலின் என்ற பிளாஸ்டிக். 2019 தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. சந்தேகம் இருந்தால் பையிலிருந்து ஒரு சிறு துணுக்கைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். உருகிச் சுருண்டால் பிளாஸ்டிக். காகிதம் போல் எரிந்து சாம்பலானால் பருத்தி.

பிளாஸ்டிக் பை பிறந்த கதை

நாம் இன்று திட்டித் தீர்க்கும் பனியன் வடிவ பாலித்தீன் பையை உருவாக்கியவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின். 1965-இல் அவர் பணியாற்றிய நிறுவனத்திற்கு அதற்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுகின்றனவே என்ற கவலையும் அவருக்கு இருந்ததாம். எடை குறைந்த, உறுதியான பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தலாம் என்பது அவர் எண்ணம். அவரே அப்படித்தான் செய்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் கூறியிருக்கிறார்.

பையின் அமைப்பில் குற்றமில்லை. அதை இலவசமாகக் கொடுத்ததில்தான் குற்றம். இலவசமாக வந்த பொருளை யாரும் மடித்து வைப்பதில்லை.

துணிப்பை என்றாலே போதுமா?

அப்படியானால் துணிப்பை கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததா? அதுவும் இல்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பல வகைப் பைகளைத் தயாரிப்பதிலிருந்து தூக்கியெறிவது வரை கணக்கிட்டுப் பார்த்தார்கள். பூமி சூடாவதற்குக் காரணமான வாயுக்களை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரே தடவை பயன்படுத்தி எறியும் பாலித்தீன் பைக்குச் சமமாக வர, காகிதப் பையை 3 தடவையும், நான்-ஓவன் பையை 11 தடவையும், பருத்திப் பையை 131 தடவையும் பயன்படுத்த வேண்டும் என்று தெரிய வந்தது.

பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும். நூற்க, நெய்ய, சாயமேற்ற மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். பையின் எடையும் அதிகம். ஆகவேதான் இந்தக் கணக்கு. சாக்கடை அடைப்பதும் கால்நடை விழுங்குவதும் இதில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் பாலித்தீன் பையின் பாவமே பெரிது. வெள்ளக் காலங்களில் வடிகால்களை அடைத்தது என்பதற்காகவே வங்கதேசம் 2002-இல் மெல்லிய பாலித்தீன் பையைத் தடை செய்தது.

எனினும் அந்த 131 என்ற எண்ணை நாம் மறக்கக் கூடாது. வாரம் ஒரு முறை கடைக்கு வருபவர் ஒரே பையை இரண்டரை ஆண்டு கொண்டுவர வேண்டும். தினமும் வருபவர் நாலரை மாதம் கொண்டுவந்தால் போதும். வாங்கிய துணிப்பையை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த நாள் கையை வீசிக்கொண்டு வந்து இன்னொரு பை கேட்டால், யாருக்கும் பயனில்லை.

பணம் திரும்பினால் பொருளும் திரும்பும்

பை திரும்பி வர என்ன வழி? நம் கடைகளுக்கு இது புதிதல்ல. கோலி சோடா பாட்டிலை எண்ணிப் பாருங்கள். 1870-களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் வடிவமைத்தது அது. மூடி கிடையாது. கழுத்தில் இருக்கும் கோலியை உள்ளிருக்கும் வாயுவே மேலே தள்ளி அடைத்துக்கொள்ளும். குடித்தவர் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவார். வீட்டுக்கு எடுத்துப் போகிறவர் முன்பணம் கட்டுவார். பாட்டில் கழுவி, நிரப்பி, மீண்டும் வரும்.

இதே முறையை 2022-இல் நீலகிரியில் மதுபாட்டில்களுக்குக் கொண்டுவந்தார்கள். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் வனவிலங்குகளின் காலைக் கிழித்ததால் உயர் நீதிமன்றம் வரை சென்ற விஷயம் அது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பினார்கள். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. போதையில் இருப்பவரையே 10 ரூபாய் திரும்பி வரச் செய்கிறது என்றால், குடும்பத் தலைவியர் பையோடு திரும்பி வர மாட்டார்களா?

அயர்லாந்து 2002 மார்ச்சில் பிளாஸ்டிக் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி விதித்தது. அதற்கு முன் தலைக்கு ஆண்டொன்றுக்கு 328 பைகள் செலவாயின. வரி வந்த பிறகு அது 21 ஆகக் குறைந்தது. பைக்கு விலை என்றதும் எல்லோருக்கும் பை ஞாபகம் வந்துவிட்டது.

நம் கணக்கையும் பார்ப்போம். நாளொன்றுக்கு 100 பேர் வரும் கடை. பைக்கு 1 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000 ரூபாய். சில்லரை வணிகத்தில் இந்தத் தொகையை லாபமாக எடுக்க எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்பது நமக்குத்தான் தெரியும்.

கடையில் செய்யக் கூடியவை

1. நல்ல துணிப்பையாகத் தேர்ந்தெடுங்கள். 5 கிலோ தாங்க வேண்டும். கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் இரட்டைத் தையல் வேண்டும். ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினால் தரையில் உரசக் கூடாது. மடித்தால் சட்டைப் பையில் அடங்க வேண்டும். இரண்டே மாதத்தில் காது அறுந்து போகும் மலிவுப் பை, 131 தடவை வராது.

2. இலவசமாகக் கொடுக்க வேண்டாம். முன்பணம் பெற்றுக்கொள்ளுங்கள். பையைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் முகம் சுளிக்காமல் திருப்பிக் கொடுங்கள். அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கிய பின், கோயம்பேடு சந்தையில் வைத்த இயந்திரத்திலும் பை 10 ரூபாய்க்குத்தான் விற்றது.

3. பாத்திரம் கொண்டுவருபவரை வரவேற்று முதலில் கவனியுங்கள். வெறும் பாத்திரத்தை மின்னணுத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, அவர் கண் முன்னே பொருளை நிறுத்துக் கொடுங்கள். எடையில் நம்பிக்கை வந்தால்தான் பாத்திரம் மறுபடி வரும்.

4. பழைய வழக்கம் எல்லாமே நல்லது என்று எண்ண வேண்டாம். அச்சிட்ட செய்தித்தாளில் உணவுப் பொருளைக் கட்டக் கூடாது. மையில் உள்ள ஈயம் போன்றவை உணவில் சேரும். உணவுப் பொட்டலத்திற்கான 2018-ஆம் ஆண்டு விதிகளும் இதைத் தடுக்கின்றன. அச்சில்லாத பழுப்புத் தாளையே பயன்படுத்துங்கள்.

5. எல்லாவற்றையும் உதிரியாக விற்க முடியாது. சமையல் எண்ணெயையும் அரைத்த மசாலாப் பொடிகளையும் அடைத்தே விற்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அரிசி, பருப்பு, சர்க்கரை, முழு மல்லி, மிளகாய், புளி ஆகியவற்றில் தொடங்குங்கள்.

6. மொத்த வணிகர்கள் சணல் சாக்கைக் கைவிடலாகாது. சணல் பொதிப் பொருள் சட்டம் 1987-இலேயே வந்தது. சணல் சாக்கு பல கை மாறி, கிழிந்த பின் தைத்து, கடைசியில் மண்ணோடு மட்கும்.

ஒரு கடை மட்டும் போதாது

"பை இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே" என்ற அச்சம் நியாயமானது. அபராதம் கட்டுவதும் நாம், வாடிக்கையாளரை இழப்பதும் நாம் என்றால் எந்த வணிகரும் தனியாகத் துணிய மாட்டார். ஆகவே இது ஒரு கடைக்காரரால் மட்டும் ஆகிற காரியமல்ல. ஒரு கடைவீதி முழுவதும் ஒரே வகைப் பையை வைத்துக்கொண்டால், ஒரு கடையில் வாங்கிய பையை எந்தக் கடையிலும் திருப்பலாம். பையைத் தைக்கும் வேலையை உள்ளூர் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தால் ஊர்ப் பணம் ஊரிலேயே சுற்றும். நம் சங்கக் கிளைகள் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துப் பேசலாம்.

கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் பையை நம் தாய்மார்கள் எத்தனை ஆண்டு மளிகைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்! அச்சிட்ட மணமக்கள் பெயர் மங்கி மறைந்த பிறகும் பை வந்துகொண்டிருந்தது. அந்தப் பை மீண்டும் வர வேண்டுமானால், அதற்கு ஒரு விலையையும் மதிப்பையும் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். சாக்குக்கு விலை பேசத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமல்ல.