மிக்ஸி நின்றுவிட்டதா? புதியது வாங்குமுன் சற்றுப் பொறுங்கள்



சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். மாலையில் வீட்டு வாசலில் வடை போட்டு விற்று, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். "காக்கா, மிக்ஸி போயிடுச்சு. நாலாயிரம் ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தா புதுசு வாங்கிக்குவேன். இல்லாட்டி கடையில தவணைக்குத்தான் எடுக்கணும்" என்றார்.

மிக்ஸிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மோட்டார் ஓடுது, ஜாருக்குள்ள பிளேடு சுத்த மாட்டேங்குது" என்றார். பழுது பார்க்கும் தம்பியிடம் அனுப்பி வைத்தோம். மோட்டாரின் தலையில் இருக்கும் கப்ளர் என்ற சிறு பாகம் தேய்ந்திருந்தது. கூலியோடு நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது. அன்று மாலையே வடை போட்டுவிட்டார்.

இதே அறியாமை என் வீட்டிலும் இருந்ததுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மிக்ஸி பாதியில் நின்றபோது, அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் புதியது வாங்கினோம். புதியதும் ஒருநாள் அப்படியே நின்றது. அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஓடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. நல்ல மிக்ஸியைத்தான் எடைக்குப் போட்டிருக்கிறோம்!

ஆகவே மிக்ஸி மக்கர் செய்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. அரைக்கும்போது திடீரென்று நின்றால்: பாரம் அதிகமாகி, மோட்டார் கருகாமலிருக்கப் பாதுகாப்பு சுவிட்ச் தானாக விழுந்திருக்கலாம். ஜாரில் பாதியை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

2. மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றாவிட்டால்: கப்ளர் தேய்ந்திருக்கும். மோட்டாரின் மேலும் ஜாரின் அடியிலும் பாருங்கள். பற்கள் மழுங்கியிருந்தால் மாற்றவேண்டியதுதான். சாதாரணத் திருகுக்கு எதிர்த்திசையில் கழலும் வகையும் உண்டு என்பதால் பலங்கொண்டு திருகாதீர்கள்.

3. ஜாரின் அடியில் ஒழுகினால்: புஷ் தேய்ந்திருக்கும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஒழுகும் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கினால் சிறு செலவு பெருஞ்செலவாகிவிடும்.

4. தீப்பொறி அதிகம் தெரிந்து, விட்டுவிட்டு ஓடினால்: கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இதுவும் சிறு செலவுதான்.

5. கருகிய வாடையோடு அடியோடு நின்றுவிட்டால்: மோட்டார் காயில் போயிருக்கலாம். வாரன்டி அட்டையைத் தேடி எடுங்கள். மோட்டாருக்கு மட்டும் தனியாகக் கூடுதல் வருடங்கள் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. வாரன்டி முடிந்திருந்தால் செலவைக் கேளுங்கள். புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் பழுது பார்ப்பது லாபமில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தொட்டால் ஷாக் அடிக்கும் மிக்ஸியை, ஒயர் பிய்ந்த மிக்ஸியை, 'இன்று ஒருநாள் மட்டும்' என்று கூட ஓட்டாதீர்கள். சிக்கனம் உயிருக்குப் பிறகுதான்.

கடைக்குக் கொண்டு போகும்போது செலவை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரன்டி இருந்தும் நிறுவனம் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்த பொருட்கள் பல வீடுகளில் இன்றும் பரணில் கிடக்கின்றன. இறக்கித் துடைத்து ஒருமுறை காட்டிப் பாருங்கள். உங்களுக்குத் தேவையில்லை என்றால், சரிசெய்து தேவைப்படும் வீட்டுக்குக் கொடுக்கலாம்.

நபி (ஸல்) அவர்கள் தங்கள் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பழுது பார்ப்பது கௌரவக் குறைவு என்று நம்மில் யாரும் எண்ண வேண்டியதில்லை.

அந்தச் சகோதரி கேட்க வந்த நாலாயிரம், அதே வாரம் வேறொரு வீட்டுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போயிற்று. நம் கடன் நிதி சிறியது. ஒரு வீட்டில் மிச்சமாவது இன்னொரு வீட்டுக்கு உதவியாகிறது. அல்லாஹ் நம் அனைவரின் வீடுகளிலும் பரக்கத் செய்வானாக.

- செயலாளர்