கஜா புயல் போட்டோ உங்க போனில் இருக்கா? அதுக்குப் பின்னாடி இருக்கிற கதையையும் சேவ் பண்ணுங்க!

2018 நவம்பர் 16. நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது கஜா புயல். விடிந்து பார்த்தால் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரத்தில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. அப்போது எடுத்த படங்கள் இன்னும் பலருடைய போனில் இருக்கும். படத்தில் தெரிவது விழுந்த மரம். தெரியாதது என்ன?

மரத்துக்கு 1,100 ரூபாய்

விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு அறிவித்த தொகை 1,100 ரூபாய். இழப்பீடு 600, வெட்டி அகற்ற 500. கணக்கில் எல்லா மரமும் ஒரே விலைதான். வீட்டுக்காரர்களுக்கு அப்படியா?

பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். இங்கே தென்னைதான் பல குடும்பங்களுக்குச் சோறு. நாட்டு ரகம் காய்ப்புக்கு வரவே 6, 7 வருஷம் ஆகும். அப்புறம் தலைமுறை தாண்டிக் காய்க்கும். அதனால்தான் கன்றைக்கூட ‘தென்னம்பிள்ளை’ என்கிறோம்.

அந்த மரத்தை வைத்தது தாத்தாவா, அப்பாவா? அந்தத் தேங்காய்ப் பணத்தில் யார் காலேஜ் முடிச்சாங்க? படம் இதையெல்லாம் சொல்லாது. தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு.

பெயர் இல்லாத முகங்கள்

இது புதுப் பிரச்சினை இல்லை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியது. 1880 முதல் 1980 வரையிலான காலகட்டம். ஸ்டுடியோக்கள் மூடப்பட, கண்ணாடித் தகடுகளும் நெகட்டிவ்களும் அழிந்துகொண்டிருந்ததால்தான் இந்த அவசரம்.

ஸ்கேன் செய்தால் முகம் பிழைத்துவிடும். பெயர்? பின்பக்கம் யாராவது எழுதியிருந்தால்தான் தெரியும். இல்லாவிட்டால், பட்டுப்புடவையில் நிற்கும் அந்தப் பெண் வெறும் ‘பழைய போட்டோ’தான்.

கதையோடு சேர்த்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார், மீன் விற்ற தன் அம்மாவின் உழைப்பைப் படமாக்கி, அவருடைய வாழ்க்கையை எழுத்திலும் பதிவு செய்தார். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படம் எடுப்பவர் இவர். 2022-ல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது இவருக்குக் கிடைத்தது.

வாட்ஸ்அப் என்ன செய்யுது?

போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, நேரம், கேமரா மாடல், லொகேஷன் ஆன் பண்ணியிருந்தால் இடம் எல்லாம் ஒளிந்திருக்கும். இதை ‘எக்சிஃப்’ தகவல் என்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் இதில் பெரும்பகுதி கழன்றுவிடும், படமும் சுருங்கிவிடும். ஃபேமிலி குரூப்பில் சுற்றிச் சுற்றி வந்த கஜா படத்தில் எந்த ஊர், எந்தத் தோப்பு என்பது காணாமல் போவது இப்படித்தான்.

என்ன செய்யலாம்?

* முக்கியமான படத்தை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்க. தகவலும் தரமும் அப்படியே போகும். வெளியாளுக்கு அனுப்பினால் உங்க வீட்டு லொகேஷனும் சேர்ந்தே போகும், உஷார்!

* போன் கேலரியிலேயே கேப்ஷன் எழுதுங்க. யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது. நாலு வரி போதும்.

* ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய படத்தைப் பிய்க்காதீங்க. ஈரத்தில் இளகிய மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் போனில் ஒரு காப்பி எடுங்க.

* பிரின்ட்டின் பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்க. பால்பாயின்ட் பேனா வேண்டாம்.

* ஊருக்குப் போகும்போது அப்பத்தா பக்கத்தில் ஆல்பத்தோடு உட்கார்ந்து, வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. “இது யாரு அப்பத்தா?” என்ற ஒரு கேள்வி போதும்.

இதில் கடைசி வேலைதான் அவசரம். போட்டோவுக்கு பேக்கப் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல, வீட்டில் பல நேரம் ஒரே ஒருத்தர்தான் மிச்சம் இருப்பார்.