ஊர் ஆறு பிறக்கும் மலை!
நந்தி மலைக்கு ஒரு நாள் பயணம்

ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் ஒரே கூட்டம். தோளில் பை, கையில் டிபன் கேரியர், இடுப்பில் குழந்தை. "நந்தி பெட்டாவுக்கு எந்த பஸ்?" என்று விசாரித்தபடி குடும்பம் குடும்பமாக ஓடுகிறார்கள். பெட்டா என்றால் கன்னடத்தில் மலை.

வாரம் முழுவதும் பீனியாவில் மிஷினோடும், ஆபீசில் கணக்கோடும் மல்லுக்கட்டியவர்களுக்கு ஒரு நாள் விடுதலை. குளுகுளு காற்று, பனி மூட்டம், பழைய கோட்டை. போய் வர அதிகச் செலவும் இல்லை. அதனால்தான் நந்தி மலை என்றதும் கூட்டம் கிளம்பிவிடுகிறது.

ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று வட மாவட்டங்களில் இருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு, இந்த மலையோடு இன்னொரு சொந்தமும் உண்டு.

அவர்கள் ஊரில் ஓடும் பாலாறும் தென்பெண்ணையும் புறப்படுவது இந்த மலைத் தொடரில்தான்!

போகும் வழி

பெங்களூரில் இருந்து நந்தி மலை சுமார் 60 கிலோ மீட்டர். ஹெப்பால், எலகங்கா, தேவனஹள்ளி வழியாக ஐதராபாத் செல்லும் நெடுஞ்சாலையில் போய், இடது பக்கம் திரும்ப வேண்டும். மலைக்கு நேராகச் செல்லும் பஸ்கள் குறைவு. அது கிடைக்காவிட்டால் சிக்கபள்ளாப்பூர் போய் அங்கிருந்து மாறிச் செல்லலாம். பெங்களூர்-கோலார் ரெயில் பாதையில் "நந்தி ஹால்ட்" என்று ஒரு சின்ன ரெயில் நிலையமும் உண்டு. அதில் ரெயில்கள் குறைவு என்பதால் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

வழியில் வரும் தேவனஹள்ளியை இன்று விமான நிலையத்தால் உலகமே அறியும். 2008-ல் அது திறக்கப்படுவதற்கு முன்பு, அந்த ஊருக்கு இருந்த பெருமை வேறு. திப்பு சுல்தான் பிறந்த ஊர் அது. அவர் பிறந்த இடத்தைக் குறிக்கும் சிறிய கல் மண்டபமும், பழைய கோட்டையும் இன்றும் இருக்கின்றன.

தேவனஹள்ளியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள். எதிரே, படுத்திருக்கும் காளையைப் போல ஒரு பெரிய பாறை மலை. அதுதான் நந்தி.

மேகத்துக்கு மேலே

நந்தி மலையின் உயரம், கடல் மட்டத்தில் இருந்து 4 ஆயிரத்து 851 அடி. பெங்களூரே 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் நகரம்தான். என்றாலும் மலை ஏறியதும் வித்தியாசம் தெரிகிறது. விடியற்காலையில் வந்தால் மேகம் காலுக்குக் கீழே வெள்ளைக் கம்பளம்போல் விரிந்து கிடக்கும். முதல் பஸ்சில் வருகிறவர்களுக்கு அது கொஞ்சம் தப்பிப் போகலாம். மழைக்காலமானால் பகலிலும் பனி இறங்கும்.

மேலே போக வளைந்து வளைந்து செல்லும் தார்ச் சாலை இருக்கிறது. கால் பலம் உள்ளவர்களுக்கு, சுல்தான்பேட்டை பக்கம் இருந்து பழைய படிக்கட்டு வழியும் உண்டு.

மலை உச்சியைச் சுற்றிக் கோட்டை மதில். சிக்கபள்ளாப்பூர் பாளையக்காரர்கள் கட்டிய கோட்டையை, ஐதர் அலியும் திப்பு சுல்தானும் பலப்படுத்தினார்கள். திப்பு கோடையில் தங்கிய மாளிகை இன்றும் நிற்கிறது. "திப்பு டிராப்" என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் இருந்து கீழே பார்த்தால் தலை சுற்றும். மரண தண்டனை பெற்ற கைதிகளை அங்கிருந்து தள்ளிவிடுவார்கள் என்பது கர்ண பரம்பரைக் கதை.

யாராலும் பிடிக்க முடியாது என்று கருதப்பட்ட கோட்டை இது. 1791-ம் ஆண்டு, மூன்றாவது மைசூர் போரின்போது கார்ன்வாலிஸ் பிரபுவின் படை இதை முற்றுகையிட்டது. மேலே இருந்த வீரர்கள் பெரிய பெரிய பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஆனாலும் மூன்று வார முற்றுகைக்குப் பிறகு, அக்டோபர் 19-ந்தேதி கோட்டை விழுந்தது.

இந்த மலையின் பெயர் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் புதிது அல்ல. கோலார் தங்கவயலில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கங்களில் ஒன்றின் பெயர் "நந்திதுர்க்". 2001-ல் தங்கவயல் மூடப்பட்டபோது, அந்தப் பெயரோடு பல குடும்பங்களின் பிழைப்பும் முடிந்தது.

காந்திஜி தங்கிய இடம்

1927-ல் ரத்தக் கொதிப்பால் உடல் நலம் குன்றிய காந்திஜி, ஓய்வுக்காகத் தேடி வந்தது இந்த மலையைத்தான். 1936-லும் வந்து தங்கினார். அவர் பெயரில் "காந்தி நிலையம்" இருக்கிறது. 1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு நடந்தபோது, ஏழு நாட்டுத் தலைவர்கள் ஓய்வாக உட்கார்ந்து பேச இங்கே அழைத்து வரப்பட்டார்கள்.

உச்சியில் யோக நந்தீஸ்வரர் கோயில். கொஞ்சம் தள்ளி "அமிர்த சரோவர்" என்ற படிக்கட்டுக் குளம். பாறை இடுக்கில் ஊறும் சுனை நீரால் நிறைவது. குழந்தைகளுக்கு இந்தக் குளத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும். "மலை மேலே தண்ணீர் எப்படி வந்தது?" என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில்தான் இந்த மலையின் முக்கியமான கதை இருக்கிறது.

ஐந்து ஆறுகளின் தாய் வீடு

நந்தி மலை தனி மலை அல்ல. சென்னகேசவ மலை, ஸ்கந்தகிரி, பிரம்மகிரி என்று சுற்றிலும் மலைகள். இந்த மலைத் தொடரில் விழும் மழை, ஐந்து ஆறுகளாகப் பிரிந்து போகிறது.

வட பெண்ணையும் சித்ராவதியும் ஆந்திராவுக்குப் போகின்றன. சித்ராவதி, புட்டபர்த்தி வழியாக ஓடி வட பெண்ணையில் கலக்கிறது. வட பெண்ணை நெல்லூரைத் தாண்டிக் கடலில் சேர்கிறது.

மற்ற மூன்றும் தமிழ்நாட்டுக்கு வருகின்றன!

பாலாறு கோலார் மாவட்டத்தைக் கடந்து, ஆந்திராவைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சீபுரம் பக்கமாக ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே கடலில் கலக்கிறது.

தென்பெண்ணை ஓசூர் அருகே தமிழ்நாட்டில் நுழைகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளை நிரப்பிவிட்டு, திருக்கோவிலூரைக் கடந்து கடலூர் அருகே கடலை அடைகிறது.

அர்க்காவதி பெங்களூரின் மேற்குப் பக்கமாகச் சென்று, சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. அந்தத் தண்ணீர் ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்குப் போகிறது.

திப்பு டிராப் பக்கத்தில் நின்று பார்த்தால் கீழே சின்னச் சின்ன ஏரிகள் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னுகின்றன. அவற்றில் நிரம்பி வழிவதுதான் ஆறாகும். ஊரில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு, இந்தக் காட்சி சாதாரணக் காட்சி அல்ல.

ஏன் வறண்டன?

வேதனை என்னவென்றால், ஐந்து ஆறுகளுக்குத் தாய் வீடான இந்தப் பகுதியிலேயே இன்று வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சிக்கபள்ளாப்பூர், கோலார் மாவட்டங்களில் ஆயிரம் அடிக்கு மேல் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியும் தண்ணீருக்குத் தவிக்கும் கிராமங்கள் உண்டு.

காரணங்களில் ஒன்று இந்த மலையிலேயே தொடங்கியது. திப்பு காலத்தில், 1790 வாக்கில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த யூகலிப்டஸ் மரம் நந்தி மலைத் தோட்டத்தில் நடப்பட்டது. அதில் இருந்து பரவிய வகைதான் "மைசூர் கம்". விறகுக்கும் காகிதக் கூழுக்கும் ஆகும் என்று பிற்காலத்தில் அதை ஆயிரக்கணக்கான ஏக்கரில் வளர்த்தார்கள். நிலத்தடி நீரை அது உறிஞ்சிவிடுகிறது என்று விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். கடைசியில் 2017-ல் புதிதாக யூகலிப்டஸ் பயிரிடக் கர்நாடக அரசு தடை விதித்தது.

கல் குவாரிகளும், தூர்ந்துபோன ஏரிக் கால்வாய்களும் மற்றக் காரணங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. பாலாற்றில் மணலை அள்ளியதும், தோல் தொழிற்சாலைக் கழிவுகளை விட்டதும் தமிழ்நாட்டில்தானே?

பல ஆண்டுகள் வெறும் மணலாகக் கிடந்த பாலாற்றில் 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. கரையோர மக்கள் பாலத்தின் மீது நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆறு செத்துவிடவில்லை. மழை பெய்தால் தன் வழியை அது மறக்கவில்லை.

பெங்களூர்க் குழாயும் ஓசூர் அணையும்

தென்பெண்ணையின் கதை வேறு. அது வறண்டுவிடவில்லை. அழுக்காகிவிட்டது.

பெங்களூர் நகரம் ஒரு மேட்டின் மீது இருக்கிறது. நகரின் கிழக்குப் பகுதிக் கழிவு நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. மேற்குப் பகுதிக் கழிவு நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் விழுந்து, காவிரிக்குப் போகிறது.

பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி, 2017-ல் தீப்பிடித்தும் எரிந்ததை நகரமே பார்த்தது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் நுரை எழும்பியதைப் பத்திரிகைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள்.

அல்சூரிலோ ராமமூர்த்தி நகரிலோ ஒரு தமிழ்க் குடும்பம் துணி துவைத்துவிட்டு ஊற்றும் சோப்புத் தண்ணீர், சுத்தம் செய்யப்படாவிட்டால், கடைசியில் போய்ச் சேர்வது அவர்கள் சொந்த பந்தங்களின் வயலுக்குத்தான்!

தென்பெண்ணை நீர்த் தகராறு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. அதே ஆண்டில், பெங்களூர்க் கழிவு நீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளில் நிரப்பும் திட்டமும் தொடங்கியது. சிக்கபள்ளாப்பூர் ஏரிகளுக்கும் அப்படியே தண்ணீர் போகிறது. ஏரிகள் நிரம்புவதில் விவசாயிகளுக்கு மகிழ்ச்சி. தண்ணீர் இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யப்பட வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே இருக்கிறது.

அடிவாரத்தில் அருணாசலேஸ்வரர்

மலையில் இருந்து இறங்கியதும் நந்தி கிராமத்துக்குப் போகாமல் திரும்பக்கூடாது. அங்குள்ள போக நந்தீஸ்வரர் கோயில், 9-ம் நூற்றாண்டில் தோன்றியது. கர்நாடகத்தின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று.

ஒரே மதிலுக்குள் இரண்டு பெரிய சன்னதிகள். ஒன்றின் பெயரைக் கேட்டதும் திருவண்ணாமலைக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அருணாசலேஸ்வரர்! சிவனின் குழந்தைப் பருவம் அருணாசலேஸ்வரர். இளமை போக நந்தீஸ்வரர். துறவு, மலை உச்சியில் உள்ள யோக நந்தீஸ்வரர் என்பது இங்குள்ள ஐதீகம். நடுவில் உமா மகேஸ்வரர் சன்னதியும், நுணுக்கமான தூண்கள் கொண்ட கல்யாண மண்டபமும் இருக்கின்றன.

கோலார் வட்டாரம் ஒரு காலத்தில் சோழர் ஆட்சியில் "நிகரிலி சோழ மண்டலம்" என்று அழைக்கப்பட்டது. சோழ மன்னர் ஒருவருடையது என்று கருதப்படும் சிலையும் இந்தக் கோயிலில் உண்டு. பின்னர் விஜயநகர மன்னர் காலம் வரை திருப்பணிகள் தொடர்ந்தன. பெரிய படிக்கட்டுக் குளம் பார்க்கப் பார்க்க அழகு.

அருகில் உள்ள முத்தேனஹள்ளி, என்ஜினீயர் மேதை விஸ்வேசுவரய்யா பிறந்த ஊர். நேரம் இருந்தால் அவரது நினைவிடத்தையும் பார்க்கலாம்.

கவனத்துக்கு...

* விடுமுறை நாளில் மலைச் சாலையில் வாகன நெரிசல் அதிகம். வார நாளில் லீவு கிடைப்பவர்கள் அன்றே போவது மேல். பெருமழையால் 2021 ஆகஸ்டில் மண் சரிந்து சாலை அடைக்கப்பட்டது. மழை நாளில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

* குரங்குகள் உண்டு. சாப்பாட்டுப் பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

* புளிசாதமும் தயிர்சாதமும் கேரியரில் போகட்டும். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் வேண்டாம். அங்கே வீசும் குப்பை அடுத்த மழையில் ஆற்றின் முதல் ஓடையில் இறங்கும்.

மாலையில் பஸ் திரும்புகிறது. எலகங்கா தாண்டியதும் நகரத்து விளக்குகள். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் 100 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்து பம்ப் செய்யப்பட்ட காவிரித் தண்ணீர் கொட்டுகிறது.

கால் கழுவிய தண்ணீர் சாக்கடையில் இறங்குகிறது. அது போகும் ஊர் எது என்று, நந்தி மலை பார்த்து வந்த பிள்ளைகளுக்கு இனிச் சொல்லித்தர வேண்டியது இல்லை.