நாவுக்கு முந்தியது செவி

பிறமொழி கற்பவர் ஒருவர் ஓர் ஒலியைப் பிழைபட உச்சரிப்பாராயின், அவருக்கு நாத் திருந்தவில்லை என்று கூறுதல் நம்மிடையே வழக்கம். நாவிற் காணப்படும் பிழை பெரும்பாலும் செவியிற் பிறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வுண்மையைத் தெளிவுற விளக்குவது யப்பானியர் ஆங்கில ஒலிகளைக் கற்கும் வரலாறாகும்.

ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘எல்’ என்னும் எழுத்துக்களின் ஒலிகள் பொருளை வேறுபடுத்துவன. ‘றைற்’ எனின் வலப்புறம். ‘லைற்’ எனின் ஒளி. யப்பானிய மொழியிலோ இவ்விரண்டுக்கும் ஈடாக ஓர் ஒலியே உளது. நாநுனி மேற்பல்லின் அடியை ஒருமுறை மெல்லத் தட்டுதலால் அது பிறக்கின்றது. ஆகவே மேற்கூறிய இரு சொற்களும் யப்பானிய எழுத்தில் ‘ரைத்தோ’ என்னும் ஒரே வடிவம் பெறுகின்றன. எழுத்தில் மட்டுமன்றிக் கேட்போர் மனத்திலும் அவை ஒன்றாகவே பதிகின்றன.

இது செவியின் குறைபாடோ எனின், அன்று. நாம் பேசும்போது வாயறையின் வடிவத்துக்கேற்பச் சில அதிர்வுப் பகுதிகள் ஓங்கி ஒலிக்கின்றன. கீழிருந்து எண்ணுமிடத்து மூன்றாவதாக வரும் பகுதி ‘ஆர்’ ஒலியில் மிகத் தாழ்ந்தும், ‘எல்’ ஒலியில் உயர்ந்தும் நிற்கும். ஆங்கிலேயர் செவி பற்றிக்கொள்ளும் அடையாளம் இதுவே. 1975ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இப்பகுதியைப் பேச்சினின்றும் பிரித்துத் தனி ஓசையாக ஒலிக்கச் செய்தனர். யப்பானியர் அமெரிக்கரைப் போலவே அவ்வேறுபாட்டை உணர்ந்தனர். அதே வேறுபாடு பேச்சொலியில் அமைந்து வந்தபோதுதான் அவர்கள் தடுமாறினர். ஓசை செவிக்கு எட்டுகின்றது. தாய்மொழியில் அதற்குப் பயனின்மையால் மனம் அதனைப் பொருட்படுத்தாது விடுகின்றது.

இப்பழக்கம் மிக இளமையிலேயே தோன்றுகின்றது. 2006இல் வெளியான ஆய்வொன்றில், ஒலி மாறியதும் தலையைத் திருப்பும் குழந்தைக்கு அசையும் பொம்மையொன்றைக் காட்டி, ஒலிவேறுபாட்டை அது உணர்கின்றதா என்று சோதித்தனர். ஆறு முதல் எட்டுத் திங்கள் வரையான யப்பானியக் குழந்தைகளும் அமெரிக்கக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒருபடியாகவே உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு திங்களில் அமெரிக்கக் குழந்தைகளின் திறன் வளர்ந்திருந்தது. யப்பானியக் குழந்தைகளின் திறன் குன்றியிருந்தது. முதற்சொல்லைப் பேசும் முன்னரே செவி தன் மொழியைத் தெரிந்து கொள்கின்றது போலும்!

இந்நிலை யப்பானியருக்கே உரியதன்று. நமக்கு எளிதான தகர டகர வேறுபாடு போன்ற இந்தி ஒலிவேறுபாட்டை ஆங்கிலம் பேசும் முதியோர் பலர் கேட்டுணர இயலாது இடர்ப்பட்டமை 1980களில் நிகழ்ந்த ஆய்வுகளால் அறியப்பட்டது. நம் மாணவர் நிலையையும் நோக்குவோம். மேலங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் நம் எழுத்தில் ‘கோற்’ என்றே அமையும். வல்லெழுத்தின் வன்மையும் மென்மையும் தமிழில் அது நிற்கும் இடத்தால் அமைவன. தனியே பொருளை மாற்றுவன அல்ல. ஆதலின், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் தமிழ்ச் சிறுவன் அவ்விரண்டையும் மயங்குவது வியப்பன்று.

இனி, முதிர்ந்த செவி மீண்டும் திருந்துமோ என்பது வினா. திருந்தும் என்பதற்குச் சான்றுகள் உள. 1991ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழக ஆய்வாளர், யப்பானியர் சிலருக்கு மூன்று வாரங்களில் 15 முறை பயிற்சி அளித்தனர். ஓரொலியால் மட்டும் வேறுபடும் சொற்சோடிகளை ஐவர் குரலிற் பதிவு செய்து, ஒரு சொல்லை ஒலிக்கச் செய்து, அஃது எச்சொல் என வினவினர். விடை சரியோ பிழையோ என்பதை உடனே அறிவித்தனர். முன்னர் நூற்றுக்கு 78 அளவில் இருந்த சரியான விடைகள் பின்னர் 86 அளவுக்கு உயர்ந்தன. சொல்லின் இறுதியில் இவ்வொலிகளைப் பிரித்தறிதல் அவர்களுக்கு எளிதாயிருந்தது. ‘பிறே’, ‘பிளே’ என்பன போல வேறொரு மெய்யை அடுத்து வருமிடத்தே அரிதாயிருந்தது.

இப்பயிற்சியின் உயிர்நிலை குரல்களின் பன்மையில் உளது. 1993இல் வெளியான தொடராய்வில், ஒருவர் குரலை மட்டுமே கேட்டுப் பயின்றோர் அக்குரலில் முன்னேறினராயினும், புதியவர் பேசியபோது அத்திறன் அவர்களுக்கு உதவவில்லை. பலர் குரலைக் கேட்டவரோ புதியவர் பேச்சிலும் வேறுபாட்டை உணர்ந்தனர். ஒருவரிடமே கேட்பவர் அவருடைய குரலைக் கற்கின்றார். பலரிடம் கேட்பவர் ஒலியைக் கற்கின்றார் என்க. யப்பானில் நிகழ்ந்த பிறிதோர் ஆய்வில், இவ்வாறு பெற்ற பயன் மூன்று திங்கள் கழிந்த பின்னரும் நிலைத்திருந்தது. 1997இல் வெளியான ஆய்வின் முடிவு நம் கருத்தை மேலும் ஈர்ப்பது. கேட்டற் பயிற்சி மட்டுமே பெற்றவர்களின் உச்சரிப்பும் திருந்தியிருந்தது. அவர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி எதுவும் அளிக்கப்படவில்லை. செவி திருந்த நாவும் திருந்திற்று.

இவற்றால் ஆசிரியராகிய நாம் அறியவேண்டுவது யாது? கேளாத வேறுபாட்டை எவரும் சொல்லிக்காட்ட இயலாது. வகுப்பில் ஓரொலியை மீண்டும் மீண்டும் பிழையாகச் சொல்லும் மாணவனைச் சோம்பேறி என்றோ மந்தன் என்றோ கடிந்து, பிறர் நகைக்க நிறுத்துதல் பயனற்றது. அவன் வாயை மூடுவிப்பதன்றி வேறொன்றையும் அது செய்வதில்லை. ‘இவ்விரண்டில் நான் சொன்னது எது?’ என்று முதலில் அவன் செவியைச் சோதித்தல் வேண்டும். பிழையெனின் உடனே அன்போடு திருத்தி, பலர் குரலைக் கேட்கச் செய்தல் வேண்டும். லகர ளகரங்களை மயங்கும் சிறுவனுக்குத் தமிழ் கற்பிக்கும்போதும் இம்முறை நன்கு பயன்படும்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் கடல் கடந்து சென்று, நடுவயதில் நோர்வேயிய மொழியையும் ஜேர்மன் மொழியையும் பிரெஞ்சு மொழியையும் கற்க நேர்ந்தவர்கள். தம் பிள்ளைகள் எளிதிற் பேசும் ஒலி தமக்கு வாய்க்கவில்லையே என்று அவர்கள் நாணுதல் வேண்டா. பிள்ளைகளின் செவி இளமையிற் பெற்றதைப் பெற்றோரின் செவி பயிற்சியாற் பெறுதல் வேண்டும். அதற்குக் காலம் கூடுதலாகச் செல்லும். ஆயினும் வாயில் அடைபட்டுவிடவில்லை.