வீட்டுக்குள் ஒரு கண்

கதவருகே ஒரு கமரா, தொட்டிலுக்கு மேலே ஒரு கமரா. சென்ட் லோரன்டில் புதிதாகக் குடியேறும் எம்மவர் வீடுகளுக்கும் இவை வந்துவிட்டன. இரவு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இவை பேருதவிதான். ஆனாலும் வேவு பார்க்கும் கண்களுக்குத் தப்பி வந்த நாம், வீட்டுக்குள் இன்னொரு கண்ணைப் பூட்டும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்தப் படம் எங்கே போகிறது?

பல கமராக்கள் படத்தை இணையம் வழியாகக் கம்பனியின் கணனிக்கு அனுப்புகின்றன. அங்கே யார் பார்க்கிறார் என்பது எமக்குத் தெரியாது. அமேசனுக்குச் சொந்தமான றிங் கம்பனி, வாடிக்கையாளரின் வீட்டுப் படங்களை ஊழியர்கள் பார்க்க இடமளித்தது என்று அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2023 இல் குற்றஞ்சாட்டியது. 58 இலட்சம் டொலர் செலுத்த றிங் இணங்கியது.

வந்தது ஆளா பூனையா என்பதைக் கமராவே கண்டறிந்து, படத்தை வீட்டிலேயே வைத்திருக்கும் வகைகளும் உண்டு. இதனை எட்ஜ் கம்பியூட்டிங், அதாவது விளிம்புக் கணிமை என்பர். படம் வெளியே போகாதவரை அந்தரங்கம் எம்மிடமே இருக்கும்.

ஆனால் பொருள் எம்மிடம் இருந்தால் காவலும் எமது பொறுப்பே. 2016 இல் மிராய் என்ற நாசகார மென்பொருள், கம்பனி இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களுக்குள்ளும் றவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது. வழக்கமான சுமார் 60 சொற்களை மாறி மாறிப் போட்டுப் பார்த்ததே அதன் தந்திரம். அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல் அக்கருவிகளைக் கொண்டு டைன் என்ற கம்பனி தாக்கப்பட, ருவிற்றர், நெற்பிளிக்ஸ் முதலியன பலருக்கு மணிக்கணக்காகக் கிடைக்கவில்லை.

ஆகவே கமரா வாங்குமுன், படம் வீட்டில் தங்குமா என்று கேளுங்கள். பூட்டிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கம்பனி அனுப்பும் மென்பொருள் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய கருவியானால் முன்னையவரின் பதிவுகளை முற்றாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் விட்டுவிடாமல் பெற்றோரும் அருகில் இருந்து கற்றுக்கொள்வது நல்லது.

சட்டமும் எமக்குத் துணை. கியூபெக்கின் 25ஆம் இலக்கச் சட்டப்படி, 2023 செப்டெம்பர் முதல் இத்தகைய கருவிகளின் அந்தரங்க அமைப்புகள் ஆகக்கூடிய பாதுகாப்பிலேயே தரப்பட வேண்டும். உங்களைப்பற்றி என்ன தகவல் உண்டு என்று எழுத்தில் கேட்டால், கம்பனி 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். தவறினால் கியூபெக்கின் தகவல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவருக்கும் இந்த உரிமை உண்டு. கேட்கத் தயங்காதீர்கள்.