எள்ளலும் எல்லைக் காவலும்

கால்பந்தாட்டத்தில் கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். கோல் விழாமல் காத்தவரின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. நம் நெல்லைச் சீமை மைதானங்களில் ‘பேக்’ என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் பின்கள வீரரின் நிலை இதுவே. முன்கள வீரர் பத்து முறை தவறிப் பதினோராம் முறை வென்றாலும் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். பின்கள வீரரோ பத்து முறை வென்று பதினோராம் முறை தவறினால் பழி சுமப்பார். எனவே அவருக்கு வேண்டிய தலையாய ஆற்றல் காத்திருத்தல் எனலாம். பந்தோடு வருபவர் இடம் செல்வாரா, வலம் திரும்புவாரா என்று கண்டறியும்வரை காலை நீட்டாதிருக்க வேண்டும். முந்திப் பாய்பவர் ஏமாறுவார். தம் கோல் முன்னுள்ள பெனால்டி எல்லைக்குள் அவர் செய்யும் பிழைக்கோ தண்டம் மிகப் பெரிது. 11 மீட்டர் தொலைவிலிருந்து, கோல் காவலர் ஒருவரை மட்டுமே எதிர்கொண்டு எதிரணியினர் பந்தை உதைப்பர்.

இவ்வாறு பொறுமையையே தொழிலாகக் கொண்ட ஒருவர், நாவினாலோ செய்கையினாலோ எதிரணியினரைச் சீண்டப் புகுந்தால் என்ன நேர்கிறது? அதன் விலையைக் கொடுப்பவர் யார்? இவற்றையே ஈண்டு நாம் காணப் புகுகின்றோம்.

முதலில் விதியைச் சிறிது நோக்குவோம். 1966 உலகக் கோப்பையின் கால் இறுதியில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய அர்ஜென்டின அணித்தலைவர் ராட்டின், நடுவர் வெளியேறப் பணித்தும் களத்தை விட்டு அகலாமல் நெடுநேரம் நின்றார். நடுவர் மொழி ஒன்று, வீரர் மொழி வேறொன்று. இக்குழப்பத்தைக் கண்ட நடுவர் குழுவைச் சார்ந்த கென் ஆஸ்டன், சாலைச் சந்திப்பில் எரியும் விளக்குகளிலிருந்து மஞ்சள், சிவப்பு அட்டைகளுக்கான கருத்தைப் பெற்றார். 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் அவ்வட்டைகள் நடைமுறைக்கு வந்தன. இன்று ஆட்டத்தின் 12ஆம் விதிப்படி பண்பற்ற செயலுக்கு மஞ்சள் அட்டையும், இழிசொல்லுக்கும் இழிவான சைகைக்கும் சிவப்பு அட்டையும் காட்டப்பெறும். சிவப்பு அட்டை பெற்றவருக்கு மாற்றாக வேறொருவர் இறங்க இயலாது. எஞ்சிய நேரம் முழுதும் பத்துப் பேரே பதினொருவரை எதிர்கொள்ள வேண்டும். அமெரிக்கர் தம் நாட்டில் கால்பந்து என்று அழைக்கும் வேறோர் ஆட்டமும் உண்டு. அதில் எதிரியை இகழ்ந்தால் அணிக்கு 15 கெஜ நிலம் அப்போதே பறிபோகும். அங்கே இகழ்ச்சிக்குரிய தண்டத்தை நிலமாக அளக்கிறார்கள். இங்கே ஆளாக அளக்கிறார்கள். இரண்டிலும் பேசியவர் ஒருவர், இழப்பவர் பலர்.

இனி நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். சந்தேஷ் ஜிங்கன் 1993இல் பிறந்தவர்; சண்டிகரில் வளர்ந்தவர். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய முதற்பருவத்திலேயே கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்காக ஆடி, வளர்ந்து வரும் வீரருக்கான பரிசைப் பெற்றார். 2015இல் இந்திய அணியில் இடம்பெற்றார். பின்னர்ப் பிளாஸ்டர்ஸ் அணியின் தலைவரும் ஆனார். உயரே வரும் பந்தைத் தலையால் முட்டி விலக்குவதிலும், அடிக்கு அஞ்சாமல் குறுக்கே விழுந்து தடுப்பதிலும் அவருக்கு நிகராவார் அன்று இந்தியாவில் மிகச் சிலரே. 2019இல் முழங்காலில் பெருங்காயமுற்று ஒரு பருவம் முழுதும் ஆடாதிருந்தார். 2020இல் அவர் விடைபெற்றபோது அவர் அணிந்த 21ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று அவ்வணி அறிவித்தது. ஒரு பின்கள வீரருக்கு இத்தகைய சிறப்பு எளிதில் கிட்டுவதன்று. அதே ஆண்டில் அவருக்கு அர்ஜுனா விருதும் வழங்கப்பெற்றது.

2022 பிப்ரவரி 19ஆம் நாள் அவர் ஏ.டி.கே. மோகன் பகான் அணிக்காகத் தம் பழைய அணியை எதிர்த்து ஆடினார். பெருந்தொற்றின் காரணமாக ஆட்டங்கள் யாவும் கோவாவிலேயே, பெரும்பாலும் பார்வையாளரின்றி நடந்த பருவம் அது. கேரள அணி 2-1 என்று முன்னணியில் இருக்க, கூடுதல் நேரத்தின் இறுதியில் மோகன் பகான் ஒரு கோல் அடித்து 2-2 என்று சமன் செய்தது. ஆட்டம் முடிந்து வெளியேறுகையில், பெண்களோடு ஆடிவிட்டு வருகிறோம் என்னும் பொருள்பட ஜிங்கன் ஒரு சொல் சொன்னார். அது படக்கருவியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. எதிரணியை இகழ்வதாக எண்ணிச் சொன்ன சொல் பெண்ணினத்தை இகழ்வதாகவும் அமைந்தது. முன்னாள் அணியின் ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தனர். வீரர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் சினம் தணியாத சிலர், தவறேதும் செய்யாத அவருடைய குடும்பத்தினரையும் வசைபாடினர். அட்டை காட்டத்தக்க நேரம் முடிந்திருந்தது. ஆட்டத்தின் முடிவும் மாறவில்லை. ஆயினும் ஆறாண்டு உழைப்பால் ஒரு மாநிலத்து மக்களிடம் பெற்ற அன்பு ஒரே மாலையில் கரைந்தது.

அச்சொல்லின் உள்ளீட்டைத் தமிழ்நாட்டினராகிய நாம் தனியே நோக்க வேண்டும். பெண்கள் ஆடும் கால்பந்து தாழ்ந்தது என்பது அதன் கருத்து. தேசிய மூத்தோர் மகளிர் கால்பந்துப் போட்டியில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாட்டு மகளிர் 2018இல் பட்டம் வென்றனர். 2023இல் மீண்டும் வென்றனர். மதுரையைச் சார்ந்த சேது அணி 2019இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கொணர்ந்தது. ஆடவர் பிரிவில் இப்படிச் சொல்லிக்கொள்ள நமக்கு எத்தனை வெற்றிகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால், இகழ்ந்த சொல் இகழ்ந்தவரையே சுடும்.

ஜிங்கன் ஆட்டத்தை விடவில்லை. ஆட்டமும் அவரை விடவில்லை. 2023 ஜூன் 21ஆம் நாள் பெங்களூரில் தெற்காசியக் கோப்பைக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. பாகிஸ்தான் வீரர் பக்கக் கோட்டிலிருந்து எறிய முற்பட்ட பந்தை இந்தியப் பயிற்சியாளர் ஸ்டிமாச் தட்டிவிட்டார். இரு தரப்பினரும் கூடி நெருக்கித் தள்ளிக்கொண்டனர். பயிற்சியாளருக்குச் சிவப்பு அட்டையும் ஜிங்கனுக்கு மஞ்சள் அட்டையும் கிடைத்தன. அதே தொடரில் இன்னொரு மஞ்சள் அட்டையும் சேரவே, லெபனானை எதிர்த்த அரையிறுதியில் அவர் ஆட இயலாமற் போயிற்று. கோல் ஏதுமின்றி முடிந்த அவ்வாட்டத்தில் இந்தியா பெனால்டி உதைகளால் 4-2 என்று பிழைத்தது. தோற்றிருந்தால் அந்த அட்டைகளின் விலை ஒரு கோப்பையாக இருந்திருக்கும். ஜூலை 4ஆம் நாள் குவைத்தை எதிர்த்த இறுதியாட்டத்துக்கு அவர் மீண்டார்; அங்கும் பெனால்டி உதைகளே முடிவு செய்தன. 5-4 என்று இந்தியா வென்ற அவ்வுதைகளில் ஒன்று அவருடையது.

எள்ளலுக்கும் வெகுளிக்கும் உள்ள உறவைத் தமிழிலக்கணம் நன்கு அறியும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் களங்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைக்கிறது. வெகுளி தோன்றும் களங்கள் நான்கனுள் குடிகோள் என்பதும் ஒன்று. ஒருவரது சுற்றத்துக்கும் குடிப்பிறப்புக்கும் கேடு செய்தல் என்று அதற்குப் பொருள் கொள்வர். ஒருவன் வாயிலிருந்து புறப்படும்போது நகையாக இருக்கும் அதே சொல், மற்றவன் செவியில் நுழையும்போது வெகுளியாகிவிடுகிறது. இதற்கு 2006 ஜூலை 9ஆம் நாள் பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தைவிட நல்ல சான்று கிடைப்பதரிது. இத்தாலியின் பின்கள வீரர் மாட்டராசி, பிரான்சு அணித்தலைவர் சிடானின் சகோதரியை இகழ்ந்து பேசினார்; இதனைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். 110ஆம் நிமிடத்தில் சிடான் தம் தலையால் அவர் மார்பில் முட்டி வீழ்த்தினார். அவருடைய ஆட்ட வாழ்வின் கடைசிச் செயல் அதுவே. அவர் வெளியேற, இத்தாலி பெனால்டி உதைகளில் 5-3 என்று வென்றது.

எள்ளியவர் வென்றாரே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். உலகக் கால்பந்துக் கழகம் சிடானுக்கு மூன்று ஆட்டங்களும் மாட்டராசிக்கு இரண்டு ஆட்டங்களும் தடை விதித்து, இருவரிடமும் தண்டம் பெற்றது. சொல்லுக்கும் பொறுப்பு உண்டு என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது உண்மை. கோப்பை மட்டும் இத்தாலியிடமே இருந்தது. ஆயினும் அந்த ஆட்டத்தில் இத்தாலிக்காக அடிக்கப்பட்ட ஒரே கோலை, உயரே எழும்பித் தலையால் அடித்தவர் மாட்டராசி என்பது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அவருடைய திறமையை அவருடைய நாவே மறைத்துவிட்டது.

நம் சடுகுடுவிலும் எதிரியைச் சீண்டுதல் உண்டே எனலாம். உண்டுதான். பாடி வருபவன் தன் வீரத்தைப் புகழ்ந்தும் எதிரியைக் கேலி செய்தும் பாடுவது நம் சிற்றூர்களின் பழைய வழக்கம். புறத்திணையுள் வரும் நெடுமொழியின் எளிய வடிவம் அது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அங்கே சீண்டலுக்கு ஒரு கட்டு இருந்தது. ஒரே மூச்சில் பாட வேண்டும். மூச்சு நின்றால் பேச்சும் நின்றது. கட்டில்லாத சீண்டல் எங்கே போய் முடியும் என்பதற்குக் கொல்கத்தாவில் ஒரு துயர வரலாறு உண்டு.

1980 ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் கார்டன் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. ஈஸ்ட் பெங்காலின் பின்கள வீரர் திலீப் பாலித், மோகன் பகானின் ஓரக்கள வீரர் பிதேஷ் போசைத் தொடர்ந்து நெருக்கி ஆடினார். பிற்பாதியில் பாலித் முறைதவறித் தாக்க, போஸ் திருப்பித் தாக்கினார். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். களத்தில் அது முடிந்துவிட்டது. பார்வையாளர் மாடத்தில் முடியவில்லை. இரு தரப்பு ஆதரவாளர்களும் ஒரே பகுதியில் கலந்திருந்தனர். கைகலப்பும் கல்வீச்சும் எழுந்தன. அஞ்சி ஓடியவர்கள் நெரிசலில் சிக்கினர். பதினாறு பேர் மாண்டனர். இறப்பு முழுவதையும் அவ்விரு வீரர் தலையில் சுமத்துவது அறமாகாது. இருக்கைகளைப் பிரிக்காமலும் கூட்டத்தை அடக்கத் தெரியாமலும் இருந்தவர்களுக்கே பெரும் பங்கு உண்டு. ஆயினும் உலர்ந்த வைக்கோலருகே நிற்கிறோம் என்பதை வீரர் அறிந்திருத்தல் வேண்டும். அந்நாளில் கொல்கத்தாவில் ஆண்டுதோறும் குருதிக்கொடை நிகழ்த்தி மாண்டோரை நினைவுகூர்கின்றனர்.

தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அணித்தே உள்ள காயல்பட்டினம் கால்பந்துக்குப் பேர்பெற்ற ஊர் என்பதை நம் வாசகர் அறிவர். மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியை அங்கே ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தினர் பல்லாண்டுகளாக நடத்தி வந்துள்ளனர். இத்தகைய ஊர்ப் போட்டிகளில் கோட்டுக்கு வெளியே நிற்பவன் சொல்வது ‘பேக்’கின் காதில் தெளிவாக விழும். பெருநகர வீரனுக்கு இல்லாத சோதனை இது. இகழ்பவன் அண்டை ஊர்க்காரன். மறுவாரம் சந்தையிலோ திருமணத்திலோ அவன் முகத்தில் விழிக்க வேண்டும்.

கோட்டுக்கு வெளியே ஓர் அரங்கமே இகழ்ந்தபோதும் வாய் திறவாத அணி ஒன்று நம் நாட்டில் இருந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு இசுரேலையும் தைவானையும் அழைக்காமை குறித்து இந்தியரான சோந்தி கண்டனம் எழுப்பினார். அதனால் இந்தோனேசிய மக்கள் இந்தியா மீது கடுஞ்சினம் கொண்டனர். செப்டம்பர் 4ஆம் நாள் தென்கொரியாவை எதிர்த்த இறுதியாட்டத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்திய அணியைப் பார்த்துக் கூச்சலிட்டனர். நாட்டுப்பண் ஒலித்தபோதும் கூச்சல் ஓயவில்லை. பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் மட்டும் மாடத்தில் இருந்து தம்மை ஊக்குவித்தனர் என்று இந்திய வீரர்கள் பின்னாளில் நன்றியோடு கூறியுள்ளனர்.

அவ்வணியைப் பயிற்றியவர் ஐதராபாத்தின் ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். அப்போது அவர் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலோடு களம் இறங்கினார். பின்கள வீரர் ஜர்னைல் சிங், நாட்டுப் பிரிவினைக் கலவரத்தில் சிறுவனாக உயிர்தப்பி வந்தவர். எதிரணியினர் அஞ்சும் முரட்டு ஆட்டக்காரர். முன்னைய ஆட்டமொன்றில் தலை பிளந்து தையலிட்டிருந்தமையால் ரஹீம் அவரைப் பின்களத்தில் நிறுத்தாமல் முன்களத்தில் ஆடப் பணித்தார். பழகாத இடம், தலையில் கட்டு, காதில் ஓயாத வசை. முதல் 20 நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். எஞ்சிய நேரம் முழுதும் அந்த முன்னிலையைக் கூச்சலுக்கு நடுவே காத்து, இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. மறு ஆண்டு ஜூன் மாதம் ரஹீம் மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை.