இணையப் பக்கம் உயிர் பெற்ற கதை

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் மேலூர் வரும். பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் வயல்கள் சூழ்ந்த ஊர். 2001ஆம் ஆண்டில் இவ்வூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு புதுவகை நிலையம் தோன்றியது. சிறிய அறை ஒன்றில் ஒரு கணிப்பொறி, ஓர் அச்சுப்பொறி, ஒரு சிறு காமிரா. வெளியே கம்பியில்லா இணைப்புக்கான ஒரு கருவி. அவ்வளவுதான். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஆகியவையும் பங்குகொண்ட 'சாரி' என்னும் திட்டத்தால் இவை எழுந்தன. அரசு அலுவலகத்துக்குரிய விண்ணப்பத்தை இங்கிருந்தே அனுப்பலாம். கண்ணில் கோளாறு உள்ளவரின் கண்ணைப் படம் பிடித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறலாம்.

இந்நிலையங்களுக்கு இணையத்தைக் கொண்டுவந்தது, சென்னையில் உருவான 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறை. தொலைபேசியில் எவரும் பேசாதபோது அதன் வேகம் நொடிக்கு 70 கிலோபிட். பேசிக்கொண்டிருந்தால் 35 கிலோபிட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லப்போகும் கதைக்கு அதுவே திறவுகோல்.

ஒரு சிறு கணக்கு

எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 35 கிலோபிட் என்றால் நொடிக்குச் சுமார் 4,400 பைட் வந்து சேரும். ஓர் இணையப் பக்கத்தின் அளவு 60,000 பைட் என்று கொள்வோம். அது முழுதும் வந்து சேரச் சுமார் 14 நொடி ஆகும். விண்ணப்பத்தில் மாவட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அம்மாவட்டத்தின் வட்டங்களைக் காட்ட முழுப் பக்கமும் மறுபடி வருகிறது. மேலும் 14 நொடி. வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கிராமங்களின் பட்டியலுக்காக இன்னும் ஒரு 14 நொடி.

இதை நம் ஊர்ப் பந்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்கிறீர்கள். பரிமாறுபவர் உங்கள் இலையையே எடுத்து எறிந்துவிட்டு, புதிய இலை போட்டு, உப்பு, ஊறுகாய், கூட்டு, சோறு என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் வைத்து, கடைசியில் சாம்பாரையும் ஊற்றுகிறார். தொடக்ககால இணையப் பக்கங்கள் இப்படித்தான் நடந்துகொண்டன. ஏனெனில் அவை படிப்பதற்கான தாள்களாகவே கருதப்பட்டன. வேலை செய்வதற்கான கருவிகளாக அல்ல.

இந்தக் குறையை நீக்க இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு வழிகள் பிறந்தன. இரண்டும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன.

முதல் வழி: பூட்டிய அறை

இணையப் பக்கத்தை நமக்குக் காட்டும் நிரலை உலாவி என்கிறோம். அந்த உலாவியால் முடியாததைச் செய்ய அதற்குள் வேறொரு நிரலைச் செருகிவிடலாம் என்பது முதல் வழி. இதைச் செருகுநிரல் என்பார்கள். பக்கத்தின் நடுவே ஒரு சதுரம் ஒதுக்கப்படும். அச்சதுரத்துக்குள் நடப்பது எதுவும் உலாவிக்குத் தெரியாது. வீட்டின் நடுவே பூட்டிய அறை ஒன்றை வாடகைக்கு விட்டதுபோல! சாவி வாடகைக்காரரிடம் இருக்கும்.

சன் நிறுவனத்தின் ஜாவா 1995இல் இவ்வழியில் வந்தது. 1996இல் பிறந்து மேக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்கு வந்த ஃபிளாஷ், இவ்வழியில் பெரும் வெற்றி கண்டது. அதன் சிறப்பு என்ன? ஒரு வட்டத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல், வளைகோடுகளின் கணிதக் குறிப்பாகச் சேமித்தது. ஆகவே அசையும் படங்கள்கூட மிகச் சிறிய கோப்புகளில் அடங்கின. எந்த உலாவியில் திறந்தாலும் படம் ஒரே மாதிரி தெரிந்தது. 2005இல் தொடங்கிய யூடியூப் தன் படங்களைக் காட்ட ஃபிளாஷையே நம்பியது என்பதிலிருந்து அதன் வலிமையை அறியலாம்.

'ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்', அதாவது செழுமை இணையப் பயன்பாடு என்ற பெயரை 2002இல் வழக்குக்குக் கொண்டுவந்ததும் மேக்ரோமீடியாதான். அந்நிறுவனத்தை 2005இல் அடோபி வாங்கியது. மைக்ரோசாஃப்ட் 2007இல் சில்வர்லைட்டையும், சன் 2008இல் ஜாவா எஃப்எக்ஸையும் போட்டிக்கு இறக்கின. பூட்டிய அறைக்கு இப்போது மூன்று வாடகைக்காரர்கள்!

இரண்டாம் வழி: சாம்பார் மட்டும்

உலாவிக்குள் ஏற்கெனவே ஒரு சிறு நிரல்மொழி இருந்தது. அதுதான் ஜாவாஸ்கிரிப்ட். பெயர் ஒத்திருந்தாலும் இது ஜாவாவுக்கு உறவல்ல. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் 1995இல் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். பல ஆண்டுகள் இதை ஒரு விளையாட்டுப் பொருளாகவே பலர் எண்ணினர்.

1999இல் மைக்ரோசாஃப்ட் தன் உலாவியின் ஐந்தாம் பதிப்பில் ஒரு சிறு வசதியைச் சேர்த்தது. பக்கத்தைக் கலைக்காமலே, பின்னணியில் தேவையான தகவலை மட்டும் கேட்டு வாங்கும் வசதி அது. இலையை எடுக்காமல் வாளியோடு வந்து சாம்பாரை மட்டும் ஊற்றுவது! நம் கணக்கில் கிராமங்களின் பட்டியல் 2,000 பைட் என்றால், அதே 35 கிலோபிட் இணைப்பில் அரை நொடிக்குள் வந்துவிடும். 14 நொடி எங்கே, அரை நொடி எங்கே!

கூகுளின் மின்னஞ்சலும் (2004) நிலப்படமும் (2005) இம்முறையின் ஆற்றலை உலகுக்குக் காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இதற்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயரிட்டார்.

மாறாக, செருகுநிரல் இல்லாத கணிப்பொறியில் முதலில் அதை இறக்கியாக வேண்டும். சுமார் 5 மெகாபைட் அளவுள்ள செருகுநிரல் அதே மெல்லிய இணைப்பில் வந்துசேர ஏறத்தாழ 19 நிமிடம் பிடிக்கும். கிராமத்து நிலையத்தில் வரிசையில் நிற்பவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

சென்னையிலிருந்து ஒரு சான்று

இரு வழிகளும் நேருக்குநேர் மோதியதைக் காண வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1996இல் தொடங்கி, சென்னையில் நிரல்களை உருவாக்கி வந்த அட்வென்ட்நெட் நிறுவனம், 2005இல் 'சோகோ ரைட்டர்' என்ற ஆவணம் எழுதும் கருவியை வெளியிட்டது. கணிப்பொறியில் எதையும் நிறுவ வேண்டாம். உலாவியைத் திறந்து எழுதத் தொடங்கலாம். அது தேர்ந்தது இரண்டாம் வழியை. அதே வேலைக்கு அமெரிக்காவில் உருவான 'பஸ்வேர்ட்' என்ற கருவி ஃபிளாஷைத் தேர்ந்தது. அதை 2007இல் அடோபியே வாங்கிக்கொண்டது.

அன்று பார்த்தவர்களுக்குப் பஸ்வேர்டின் அழகே கண்ணைப் பறித்தது. எழுத்துகளும் பக்கங்களும் அச்சிட்ட தாளைப்போல் அமைந்தன. ஏஜாக்ஸ் முறையில் எழுதியவர்களோ, உலாவிக்கு உலாவி மாறும் நடத்தைகளோடு மல்லாட வேண்டியிருந்தது. இணைப்பு அறுந்தாலும் எழுதிக்கொண்டிருக்க உதவும் வசதியை 2007இல் சேர்க்க, சோகோவும் 'கூகுள் கியர்ஸ்' என்னும் செருகுநிரலின் துணையைத்தான் நாடியது. ஆனால் அந்த வேலையைப் பின்னர் உலாவிகளே கற்றுக்கொண்டன. பஸ்வேர்ட் இன்று இல்லை. அட்வென்ட்நெட் 2009இல் சோகோ என்றே பெயர் மாற்றிக்கொண்டது. அதன் எழுதுகருவி இன்றும் உலாவிக்குள் இயங்குகிறது.

தமிழுக்கு என்ன நேர்ந்தது?

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு முறையில் கணிப்பொறி இதைக் 'க' என்றும் ஒகரக் குறி என்றும் வரிசையாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போதோ, குறியை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை முன்னும் மற்றதைப் பின்னும் வைக்க வேண்டும். இதற்குத் தனி அறிவு தேவை. ஃபிளாஷின் பழைய பதிப்புகளில் அந்த அறிவு முறையாக அமையவில்லை. 2008இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் இத்தகைய எழுத்துகளுக்கான புதிய ஏற்பாடு சேர்ந்தது.

அதுவரை தமிழில் ஃபிளாஷ் செய்தவர்கள் என்ன செய்தார்கள்? எழுத்தைப் படமாக மாற்றி ஒட்டினார்கள். அல்லது யூனிகோடுக்கு முந்திய தனித்தனி எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கோ வெறும் கோடு! ஒரு சொல்லைத் தேட முடியாது. நகலெடுக்க முடியாது. பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக்காட்டும் நிரலும் அங்கே ஊமையாகிவிடும்.

சாவியோடு போனவர்கள்

2007இல் வந்த ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட மடலில் அதற்குக் காரணங்களை அடுக்கினார்: மின்கலத்தை விரைவில் தீர்க்கிறது, பாதுகாப்பில் ஓட்டைகள் உள்ளன, விரலால் தொட்டு இயக்க ஏற்றதன்று, ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது. அவருக்குத் தம் வணிக நோக்கமும் இருந்தது என்பது வேறு செய்தி. 2011 நவம்பரில் கைபேசிக்கான ஃபிளாஷை அடோபியே கைவிட்டது. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல் ஐந்தாம் பதிப்பு முறையான தரமாயிற்று; ஒலி, ஒளிப்படம், வரைபடம் எல்லாம் பக்கத்தின் இயல்பான உறுப்புகளாயின. 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அந்நிரலே தன் பணியை மறுத்தது. சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021 அக்டோபரில் முடிந்தது.

விளைவு என்ன? இருபதாண்டுகளாக உலகெங்கும் ஃபிளாஷில் உழைத்து உருவாக்கிய பாடங்களும் விளையாட்டுகளும் ஒரே நாளில் வெற்றுச் சதுரங்களாயின. படைத்தவர் இருக்கிறார், படைப்பும் இருக்கிறது, சாவி மட்டும் இல்லை. 'ரஃபில்' என்ற திறந்த நிரல் இப்போது அந்தப் பழைய கோப்புகளுள் பலவற்றை மீண்டும் இயங்கச் செய்கிறது என்பது ஆறுதல்.

போட்டி இன்றும் ஓயவில்லை. ஆங்குலர், ரியாக்ட் எனப் புதிய சட்டகங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இவை அனைத்தும் முடிவில் எல்லா உலாவிகளும் அறிந்த பொது மொழிகளிலேயே வந்து நிற்கின்றன. சட்டகம் மறைந்தாலும் அதில் செய்த பக்கம் திறக்கும்.

மேலூர்ப் பகுதியின் அந்த நிலையங்களுள் பல பின்னாளில் மூடப்பட்டன. அன்று அங்கே வரிசையில் நின்று செய்த வேலைகளுள் பலவற்றை, இன்று மாட்டுத்தாவணியில் மேலூர்ப் பேருந்துக்குக் காத்திருப்பவர் தம் கைபேசியிலேயே செய்துவிடுகிறார், எதையும் செருகாமலே!

செய்து பாருங்கள்

உங்களுக்குப் பழக்கமான தமிழ் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒரு சொல்லின்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்துங்கள். அச்சொல் மட்டும் நிறம் மாறித் தனித்து நின்றால், பெரும்பாலும் அது உண்மையான எழுத்து. அதை நகலெடுத்துத் தேடுபொறியில் ஒட்டிப் பாருங்கள். அதே சொல் அங்கும் தெரிந்தால் ஐயமே இல்லை. சொல் தனித்து நிற்கவில்லையானால் அது படமாக இருக்கலாம். உங்கள் பள்ளிக்காகவோ ஊருக்காகவோ ஒரு பக்கம் உருவாக்கும் நாளில், முதலில் இந்தச் சோதனையை அதில் செய்து பாருங்கள்.